துஞ்சா நகரின் நினைவும் நெஞ்சமும்

முன்னுரை

'துஞ்சுதல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் உறங்குதல், இறத்தல் என இரு பொருள் உண்டு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் எனப் பழந்தமிழ் மன்னர்கள் தாம் மறைந்த இடத்தால் பெயர் பெற்றமையை நம் மாணவர்கள் அறிவர். உறக்கத்தையும் இறப்பையும் ஒரே சொல்லால் குறித்த அதே இலக்கிய மரபு, உறங்க இயலாமையையும் பெருந்துயராகக் கண்டது. ஊர் முழுதும் உறங்கத் தான் ஒருத்தியே விழித்திருக்கும் தலைவியின் அவலம் நெய்தல் திணைப் பாடல்களில் பலகாலும் பேசப்படுகிறது.

அந்த நெய்தல் நிலத்தில்தான் இன்றைய வடசென்னையும் அமைந்துள்ளது. இராயபுரம் தொடங்கித் தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் கடற்கரையில் இன்றும் பலர் துஞ்சாதிருக்கின்றனர். ஆனால் அவர்களை விழிக்க வைப்பது பிரிவுத் துயரன்று, பிழைப்பு. ஷிப்டு வேலை, கவலை, புழுக்கம், இரைச்சல் ஆகிய நான்கும் சேர்ந்து அவர்களுடைய உறக்கத்தைப் பறிக்கின்றன. நாட்பட்ட உறக்கமின்மை மனிதனின் நினைவாற்றலையும் இதயத்தையும் எவ்வாறு தாக்குகிறது என்பதையும், அதற்குரிய தீர்வுகள் யாவை என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

உறங்காத நிலப்பகுதி

தென்னிந்தியாவின் முதல் இரயில், 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரம் நிலையத்திலிருந்து புறப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனருகே செயற்கைத் துறைமுகம் கட்டப்பட்டது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய தொழில் பின்னாளில் பெரிய டயர் ஆலையாயிற்று. 1955-இல் அங்கே மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. எண்ணூர் லாரித் தொழிற்சாலையும், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையமும், 1994-இல் உற்பத்தியைத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையமும், 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகமும் இந்நிலப்பகுதியின் முகத்தை மாற்றின.

கொதிகலனை மாலையில் அணைத்து மறுநாட் காலையில் மூட்டிக் கொள்ள முடியாது. கப்பல் கரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் செலவு உண்டு. ஆகவே இவ்விடங்களில் இரவு என்பது மூன்றாவது ஷிப்டு என்றே பொருள்படும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலோ விடியலுக்கு நெடுநேரம் முன்பே ஏலக் குரல் கேட்கத் தொடங்கிவிடும். மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்கும் பெண்கள் பின்னிரவிலேயே எழுந்தாக வேண்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று நின்று நகரும் சாலைகளை ஒட்டியே குடியிருப்புகளும் இருக்கின்றன. இந்தியாவின் ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு நேரத்தில் 45 டெசிபல் என்னும் வரம்பை வகுத்துள்ளன. சாலையோரச் சிறு வீடுகளில் படுத்தவர்கள் இவ்வரம்பு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அளவுகருவி இன்றியே அறிவர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூரில் அம்மோனியா வாயு கசிந்தபோது, மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து தெருவிற்கு ஓடினர். அத்தகைய இரவுக்குப் பின் எளிதில் கண்ணயர முடியாமல் போவது இயல்பே.

உறக்கமின்மை என்பது யாது?

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். உறங்க நேரமின்றி விழித்திருப்பது ஒன்று; படுத்தும் உறக்கம் வாராதிருப்பது மற்றொன்று. முன்னது உறக்கக் குறைவு. பின்னதே உறக்கமின்மை என்னும் நோய். படுத்தபின் நெடுநேரம் உறக்கம் வாராமை, இடையிடையே விழித்தல், வேண்டிய நேரத்திற்கு முன்பே விழித்து மீண்டும் உறங்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ வாரத்திற்கு மூன்று இரவுகளேனும் நேர்ந்து, மூன்று திங்களுக்குக் குறையாமல் நீடித்து, பகற்பொழுதின் செயல்களையும் கெடுக்குமாயின், அதனை நாட்பட்ட உறக்கமின்மை என மருத்துவர் வகைப்படுத்துவர்.

நம் வட்டாரத்தில் இவ்விரண்டும் பின்னிக் கிடக்கின்றன. பல ஆண்டுகள் ஷிப்டு மாறி மாறி உழைத்தவர், ஓய்வு பெற்றபின் நேரம் நிறைய இருந்தும் உறங்க முடியாமல் தவிப்பதை நம் வீடுகளிலேயே காண்கிறோம். முன்னாளில் வேலையின் பொருட்டு விழித்த உடல், பின்னாளில் வேலையின்றியும் விழிக்கப் பழகிவிடுகிறது.

இதன் காரணத்தை அறிய நம் உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தை அறிதல் வேண்டும். அக்கடிகாரத்தின் மரபணு நுட்பத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். இத்துறையில் தமிழகத்திற்கும் பெருமைக்குரிய பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், கடிகாரமும் பகலொளியும் எட்டாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்து, அவர்கள் எப்போது உறங்கி எப்போது விழிக்கின்றனர் என்று ஆராய்ந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் 1981-இல் வெளியிட்ட ஆய்வொன்று, குகையிருளில் அடைக்கப்பட்ட வௌவால்கள் தம் இனத்தின் போக்குவரவை உணர்ந்தே தம் உடற்கடிகாரத்தைச் சரி செய்துகொள்வதைக் காட்டிற்று. ஒளி மட்டுமன்றி, உடன் வாழ்வோரின் நடமாட்டமும் உயிரினத்தின் உறக்க நேரத்தை வகுக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும். இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வீடு திரும்பும் தொழிலாளியைப் படுக்கை அழைக்கிறது. கதிரொளியும் வீட்டாரின் பேச்சும் தெருவின் ஓசையும் எழுப்புகின்றன. பகலுறக்கம் இரவுறக்கத்தினும் குறைந்தும் கலைந்தும் அமைவதற்கு இதுவே முதற் காரணம்.

நினைவைக் காக்கும் உறக்கம்

உறக்கத்தை மூளையின் வெறும் ஓய்வு எனக் கருதுவது தவறு. 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் செய்த சோதனையில், பொருளற்ற அசைகளை மனனம் செய்தபின் உறங்கியோர், விழித்திருந்தோரைவிட மிகுதியாக அவற்றை நினைவில் வைத்திருந்தனர். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் உறக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசைவதைக் கண்டறிந்தனர். ஓர் இரவில் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை இத்தகைய சுழற்சி நிகழ்கிறது. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கமும், பிற்பகுதியில் விழியசைவு உறக்கமும் மிகுந்திருக்கும்.

பகலில் நாம் கற்பவை முதலில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியைச் சார்ந்து பதிகின்றன. அதனை ஒரு கடையின் அன்றாடக் குறிப்பேடு எனலாம். ஆழ்ந்த உறக்கத்தில் அக்குறிப்புகள் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கப்பட்டு, மூளையின் புறணி என்னும் நிலையான பேரேட்டில் ஏறுகின்றன. இரவுக் கணக்கெழுத்து தடைப்பட்டால், பகல் முழுதும் நடந்த வணிகம் பேரேட்டில் இடம்பெறாது. மறுநாட் குறிப்பெழுதவும் ஏட்டில் இடமிராது. ஓர் இரவு முழுதும் விழித்திருந்தவரின் ஹிப்போகாம்பஸ் புதியனவற்றைப் பதிவு செய்வதில் தளர்வதை 2007-இல் வெளியான ஆய்வொன்று மூளைப் படங்களின் வாயிலாக எடுத்துக்காட்டியது.

தேர்வுக்கு முன்னிரவு கண்விழித்துப் படிப்பதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் நம் இல்லங்களிலும் விடுதிகளிலும் உண்டு. 'என் மகன் தூக்கமே இல்லாமல் படித்தான்' என்று பெற்றோர் மகிழ்வர். மேற்கண்ட உண்மைகளை நோக்கினால், அம்மாணவன் படித்ததில் ஒரு பகுதியை அவ்விரவே இழந்துவிட்டான் என்பது புலனாகும். படிப்பைக் குறைக்குமாறு நாம் கூறவில்லை. படித்ததைக் காக்குமாறு கூறுகிறோம்.

நாட்பட்ட உறக்கமின்மை உடையோரிடம் செய்த சோதனைகளில், அன்றாட நிகழ்ச்சிகளை நினைவுகூர்தல், ஒரே நேரத்தில் சில செய்திகளை மனத்தில் நிறுத்திச் செயற்படுதல் ஆகியவற்றில் குறை காணப்பட்டுள்ளது. அக்குறை பெரும்பாலும் சிறிதளவினது அல்லது மிதமானது என்பதை அச்சம் கொள்வோர் நினைவிற்கொள்ள வேண்டும். ஆயினும் அது நீடிக்குமாயின் என்ன நேரும்? பிரிட்டனில் அரசு ஊழியர் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 50, 60, 70 ஆகிய வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியோர்க்கு, ஏழு மணி நேரம் உறங்கியோரைவிட முதுமை மறதி நோய் ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுதியாக ஏற்பட்டதாகக் கண்டனர். மறதி நோயே தொடக்கத்தில் உறக்கத்தைக் கெடுப்பதும் உண்டாதலின், காரணமும் விளைவும் இரு திசையிலும் செல்லக்கூடும். உறக்கத்தில் மூளையின் கழிவுகள் விரைந்து வெளியேறுவதாக 2013-இல் எலிகளிடம் கண்ட முடிவு பெரிதும் பேசப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அதனை வினாவிற்குள்ளாக்கின. அறிவியல் இவ்வாறு தன்னைத் தானே திருத்திக்கொண்டு செல்வதே அதன் வலிமை.

நினைவும் கவனமும் தளர்ந்த மனிதன் பாரந்தூக்கியின் பிடியிலோ, கொதிகலன் அருகிலோ, லாரியின் சக்கரத்தின் முன்னோ இருந்தால் என்ன ஆகும்? 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலைய விபத்து அதிகாலை 4 மணியளவில் தொடங்கிற்று. 1984 டிசம்பரில் போபால் நச்சுவாயு நள்ளிரவையொட்டி வெளிப்பட்டது. 1986-இல் செர்னோபில் அணு உலை பின்னிரவு 1.23-க்கு வெடித்தது. இவற்றிற்குப் பழுதான கருவிகளும் நிர்வாகத் தவறுகளும் முதன்மைக் காரணங்கள் ஆயினும், மனித விழிப்பு தாழ்ந்திருக்கும் நேரத்தில் அவை நிகழ்ந்தன என்பதைத் தொழிற்பகுதி மக்களாகிய நாம் மறத்தல் ஆகாது.

இதயத்திற்கு ஓய்வெங்கே?

இதயம் பிறப்பிற்கு முன் தொடங்கி இறப்பு வரை நில்லாது துடிக்கிறது. அதற்குக் கிடைக்கும் ஓய்வு, சற்றே மெல்லத் துடிக்கும் உறக்க நேரம் மட்டுமே. நலமுடையோர்க்கு உறக்கத்தில் குருதியழுத்தம் 10 முதல் 20 விழுக்காடு வரை தாழ்கிறது. உறக்கமின்மையுடையோரின் நரம்பு மண்டலமோ இரவிலும் காவற்காரனைப் போல விழிப்பு நிலையிலேயே இருக்கிறது. நாடித்துடிப்பு உயர்கிறது, கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுகிறது, இரவில் தாழ வேண்டிய குருதியழுத்தம் தாழாமல் நிற்கிறது. இரவெல்லாம் உயர் அழுத்தத்தைத் தாங்கும் குருதிக்குழாய்கள் காலப்போக்கில் தடித்துக் கெட்டிப்படுகின்றன.

நார்வே நாட்டில் 52,610 பேரை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஏறக்குறைய நாள்தோறும் உறக்கம் பிடிக்காமல் தவித்தவர்களுக்கு, அக்குறையற்றோரைவிட மாரடைப்பு 45 விழுக்காடு மிகுதியாக நேர்ந்ததென அது கூறிற்று. இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுவன. உறக்கமின்மை ஒன்றே காரணம் என நிறுவுவன அல்ல. எனினும் பல நாட்டு ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டியமையால், அமெரிக்க இதயக் கழகம் 2022-இல் இதய நலத்திற்கு இன்றியமையாதன எட்டு என வகுத்து, உணவு, உடலுழைப்பு, புகை தவிர்த்தல் முதலியவற்றோடு உறக்கத்தையும் சேர்த்தது. வளர்ந்தோர்க்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

நீரிழிவும் இதனோடு தொடர்புடையது. 1999-இல் சிகாகோவில் நலமுள்ள இளைஞர் 11 பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே உறங்கவிட்டபோது, அவர்களது உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குன்றிற்று. தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு பிற நாட்டினரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருவதை 52 நாடுகளில் நடந்த ஆய்வொன்று காட்டியுள்ளது. குடும்பத்தின் பாரம் முழுதும் தோளில் இருக்கும் 50 வயதையொட்டி நேரும் இழப்பு இது. ஒருவரின் வருவாயை நம்பிப் பலர் வாழும் நம் வீடுகளில் அதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

போலி மருந்துகள்

உறக்கத்தை நாடி நம்மவர் செல்லும் தவறான வழிகள் இரண்டு. ஒன்று மது. உடல் வலி தீரவும் உறக்கம் வரவும் குடிப்பதாகக் கூறுவோர் உண்டு. மது கண்ணை விரைவில் மூடவைக்கும்; ஆனால் பின்னிரவில் உறக்கத்தைத் துண்டுதுண்டாக்கும்; குருதியழுத்தத்தையும் உயர்த்தும். மற்றொன்று, மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை. அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை 2014 முதல் 'அட்டவணை எச்1' என்னும் கட்டுப்பாட்டில் உள்ளவை. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதவை. சில நாள் பயன்பாட்டிற்குரியவற்றைப் பல ஆண்டுகள் விழுங்கினால் பழக்கம் பற்றும், நினைவு மங்கும், முதியோர் இரவில் தடுமாறி விழுந்து எலும்பு முறிவர். நெடுநாள் உட்கொண்டோர் அவற்றைத் திடீரென நிறுத்துவதும் தீங்கு. மருத்துவர் துணையுடன் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

உறக்கமும் விழிப்பும் உடல்நலத்தின் இன்றியமையாக் கூறுகள் ஆறனுள் ஒன்று என யுனானி மருத்துவ மரபு நெடுங்காலம் முன்பே வகுத்தது. அம்மருத்துவத்திற்கான மத்திய அரசின் வட்டார ஆராய்ச்சி நிலையம் நம் இராயபுரத்திலேயே அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. இன்றைய மருத்துவமும் உறக்கமின்மைக்கு மாத்திரையை முதல் தீர்வாகக் கொள்ளவில்லை. எண்ணத்தையும் பழக்கத்தையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சையே முதற்படி என அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வழிகாட்டியது. அதன் சாரத்தை எளிதாகக் கூறலாம்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல் வேண்டும். முன்னிரவு உறங்காதிருந்தாலும் அந்நேரத்தை மாற்றலாகாது. ஏறத்தாழ 20 நிமிடங்களில் உறக்கம் வாராவிடில், படுக்கையை விட்டெழுந்து மங்கிய ஒளியில் அமைதியாக அமர்ந்து, கண் சொக்கும்போது மீள வேண்டும். பாயில் படுத்துக் கடன் கணக்குப் பார்ப்பதும் கைப்பேசியைத் தடவுவதும் பாயையே கவலைக்குரிய இடமாக்கிவிடும். தேநீரின் காஃபினில் பாதியளவு ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் தங்குமாதலின், மாலைக்குப்பின் தேநீர் தவிர்க்கத்தக்கது. படுக்கை நேரத்தைக் குறைத்து உறக்கத்தைத் திரட்டும் முறையும் இச்சிகிச்சையில் உண்டு. ஆயின் வாகனமோ பாரந்தூக்கியோ இயக்குவோர் அதனை மருத்துவர் அறிவுரையின்றி மேற்கொள்ளலாகாது.

ஷிப்டுத் தொழிலாளர்க்குச் சில தனிக் குறிப்புகள்: காலையில் வீடு திரும்புகையில் கறுப்புக் கண்ணாடி அணிதல், சன்னலுக்குக் கனத்த திரையிடுதல், இரவுப் பணிக்கு முன் சிறிது உறங்குதல் ஆகியன உதவும். வீட்டார் அந்நான்கைந்து மணி நேரமேனும் தொலைக்காட்சியைத் தணித்து, வருவோரை வாசலிலேயே நிறுத்தி உதவுதல் வேண்டும். உரத்த குறட்டையும் இடையே மூச்சுத் திணறலும் இருப்பின் அது உறக்க மூச்சுத் தடையாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. நெடுநாள் உறக்கமின்றி வருந்துவோர் குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுதல் நன்று. முற்காலத்தில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என மக்கள் அழைத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதய நோய்ப் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' குருதியழுத்த, நீரிழிவு மருந்துகளை வீட்டிற்கே கொணர்கிறது. மனக்கவலையால் உறங்காதோர் 14416 என்னும் அரசு தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

தனிமனிதக் குற்றமன்று

இத்தனையும் கூறியபின், உறங்காமையைத் தொழிலாளியின் பழக்கக் குறையாக மட்டும் காட்டி முடித்தல் அறமாகாது. உழைக்கும் நேரம் பற்றிய வினா வடசென்னைக்குப் புதிதன்று. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுப்பிய குரல்களில் அதுவும் ஒன்று. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21-இல் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எதிர்ப்பு எழுந்தது. மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. எட்டு மணி நேர வேலை என்பதன் மறுபக்கம் எட்டு மணி நேர ஓய்வு என்பதை அந்நிகழ்ச்சி நினைவூட்டிற்று.

நிர்வாகங்கள் செய்யத்தக்கதும் உண்டு. ஷிப்டுகளைக் காலை, மாலை, இரவு என முன்னோக்கி மாற்றினால் உடற்கடிகாரம் எளிதில் இசைகிறது என்பதையும், ஒரே ஷிப்டில் நெடுநாள் வைத்து மாற்றுவது நன்று என்பதையும் 1982-இல் அமெரிக்கத் தொழிற்கூடம் ஒன்றில் செய்த ஆய்வு காட்டிற்று. இம்மாற்றத்திற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அட்டவணையைத் திருத்தும் மனம் போதும்.

முடிவுரை

உறக்கம் சோம்பலின் அடையாளம் என்னும் எண்ணம் நம்மிடம் ஆழப் பதிந்துள்ளது. அளவுக்கு மிஞ்சிய உறக்கத்தைக் கண்டித்த நம் முன்னோர், வேண்டிய உறக்கத்தை மறுத்தாரல்லர். பகலில் கற்றதை இரவில் காப்பதும், பகலெல்லாம் உழைத்த இதயத்தை ஆற்றுவதும் உறக்கமே என்பதை இதுவரை கண்டோம். ஆகவே மாணவர்கள் தேர்வுக்கு முன்னிரவு புத்தகத்தை மூடும் நேரத்தையும் கால அட்டவணையில் எழுதிக்கொள்வார்களாக. ஆசிரியர்கள் வகுப்பில் கண்ணயரும் மாணவனைக் கடிவதற்கு முன், அவன் இரவில் எங்கே வேலை பார்த்தான் என்று கேட்பார்களாக. சமுதாயப் பெரியோர் தெருவின் ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்கு ஓய்வதை உறுதி செய்வார்களாக. இரவு ஷிப்டு முடித்து வந்து உறங்கும் தந்தையின் அறைக்கதவை ஓசையின்றிச் சாத்துவதும் அவர் இதயத்திற்குப் பிள்ளைகள் செய்யும் மருத்துவமே.